உச்சியை அமுக்கிப் பார்: தலைத்தோல் கொழுப்பும் முடியிழப்பும்

மாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் தண்டலத்தைத் தாண்டிப் பூந்தமல்லி நோக்கிப் போகிற வேளையில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சம்பளம், ஓவர்டைம், வாடகை எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு தலைமுடிக்கு வந்து நிற்கும். “இந்த ஊரு போர் தண்ணிக்கு வந்ததுலேர்ந்து கொத்துக் கொத்தா கொட்டுதுக்கா” என்பாள் ஒருத்தி. பக்கத்தில் நிற்கும் பையன் தன் மஞ்சள் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டி, “எனக்கு இதுதான் எமன்” என்பான். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டியதிலிருந்து ஒரகடம் வரை நீண்டுவிட்ட இந்தத் தொழில்தடத்துக்கு எந்த மாவட்டத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தாலும், ஆறாம் மாதத்தில் அவர்கள் சொல்லும் புகார் இதுதான்.

தண்ணீர், ஹெல்மெட், ஷாம்பு, எண்ணெய் என்று பழி எதன் மேல் விழுந்தாலும், எல்லாரும் பார்ப்பது முடியை. முடி ஊன்றி நிற்கும் மெத்தையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த மெத்தையே தடித்துப்போவதால், அல்லது பிறவியிலேயே மாறி அமைந்துவிடுவதால், முடி இல்லாமல் போகிற சில அரிய நிலைகள் உண்டு. தலைத்தோலின் அடியில் கொழுப்பு தடித்தால் முடி உதிருமா, அல்லது இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்ட தனித்தனி விஷயங்களா? தொண்ணூறு ஆண்டுகளாகத் தோல் மருத்துவர்கள் வாதிட்டுவரும் இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துப் பார்க்கிறது.

விரல் சொல்லும் கணக்கு

வாசிப்பவர் தம் தலையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று விரல் நுனிகளை உச்சந்தலையில் வைத்து அமுக்குங்கள். உடனே எலும்பு தட்டுப்படும். விரலை எடுக்காமல் முன்னும் பின்னும் அசைத்தால் தோல் முழுதும் ஒரு தொப்பிபோல மண்டையோட்டின் மேல் வழுக்கி நகரும். ஐந்து அடுக்குகளில் மேல் மூன்று ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்திருப்பதால்தான் இந்த நகர்வு. மேலே தோல், அதற்கடியில் நார்ச்சுவர்களால் அறை அறையாகப் பிரிக்கப்பட்ட கொழுப்பு, அதற்கடியில் தசைநார்த் தகடு. பிறகு தளர்வான ஒரு படலம். கடைசியில் எலும்பைப் போர்த்திய சவ்வு. நன்றாக வளரும் முடியின் வேர்க்குமிழ் இரண்டாம் அடுக்கில், அந்தக் கொழுப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மெத்தை அதிகக் கனம் கொண்டதல்ல. 1954இல் அமெரிக்காவில் ஸ்டான்லி கார்ன் குழுவினர் அளந்து வெளியிட்ட சராசரி 5.8 மில்லிமீட்டர். நாம் பேசப்போகும் நோயில் அது 10 மில்லிமீட்டரைத் தாண்டிப் போகிறது. 15ஐத் தொட்டவர்களும் உண்டு. கண்ணுக்கு அது தெரிவதில்லை. தோலின் நிறம் மாறாது, செதில் உதிராது, சீழ் இருக்காது. அமுக்கினால் மட்டும் விரல் இலவம்பஞ்சுத் தலையணையில் புதைவதுபோல உள்ளே இறங்கி, அடியில் எலும்பைத் தொட்டுவிட்டு, விட்டதும் மேலெழும்பிவிடும். சிறுநீரக நோயாளியின் காலை அமுக்கினால் பள்ளம் விழுந்து நிற்குமே, அப்படி இங்கே நிற்காது. உச்சியிலோ பிடரிப் பக்கத்திலோ தொடங்கி, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தலை முழுக்கப் பரவும். சிலருக்கு வலி, அரிப்பு, தொட்டால் கூச்சம், தலைபாரம் இருக்கும். பலருக்கு ஒன்றுமே இருக்காது.

ஒரு பெயர் உருவான கதை

1935இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தியோடர் கார்ன்பிளீட், தலைத்தோல் தடித்துப்போன ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி எழுதினார். அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவருக்குப் புரியவில்லை. தோல் மடிப்பு நோயா, கொழுப்புக் கட்டியா என்று தலைப்பிலேயே இரண்டு கேள்விக்குறி போட்டுவிட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1961இல், காஸ்கி, ஃபாஸ்னா, ஃபைன் மூவரும் இதேபோன்ற இன்னும் இரண்டு பெண்களைக் கண்டார்கள். அவர்களுக்கு முடி குட்டையாகவே நின்றுவிட்டது. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் லிப்பெடிமேட்டஸ் அலோபீசியா. தமிழில் கொழுப்புத் தடிப்பு வழுக்கை எனலாம்.

1994இல் கொரியாவிலிருந்து வந்த ஓர் அறிக்கை வாதத்தைத் திருப்பியது. அங்கே ஒரு பெண்ணுக்குத் தலைத்தோல் அதேபோலத் தடித்திருந்தது. முடி மட்டும் கொட்டவே இல்லை. அதற்கு லிப்பெடிமேட்டஸ் ஸ்கால்ப் என்று தனிப்பெயர் பிறந்தது. தடிப்பு மட்டும் என்றால் ஒரு பெயர், தடிப்போடு முடியிழப்பும் சேர்ந்தால் இன்னொரு பெயர்.

தொடக்கத்தில் இது ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு மட்டும் வருவது என்று எழுதினார்கள். 2000இல் ஜப்பானிலிருந்து ஓர் ஆண் நோயாளியைப் பற்றிய செய்தி வந்தது. 2002இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு வெள்ளையினப் பெண்ணைப் பற்றி. 2007இல் எகிப்தியக் குழு ஒன்று 10 பேரை ஒருசேர விவரித்தது. 2011இல் துருக்கியக் குழு 31 பேரைத் திரட்டிவிட்டது. இனம், பால் என்று போட்ட வேலிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வயது வந்த பெண்களே அதிகம் என்பது மட்டும் இன்னும் நிற்கிறது.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்ன்பிளீட்டுக்குப் பிறகு அறுபது ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள். பிறகு ஒரே நாட்டில், ஒரே குழுவின் கையில், 31 பேர். துருக்கியில் திடீரென்று நோய் பெருகியதா? அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. வருகிற தலைகளைத் தேடித் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது என்று கொள்வதே பொருத்தம். அடர்ந்த கூந்தலுக்கடியில் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

கொழுப்பா, நீரா?

நோயின் பெயரிலேயே கொழுப்பும் வீக்கமும் சேர்ந்திருக்கின்றன. அதில் எது முதன்மை என்பது முதல் சச்சரவு. எடுத்த திசுத்துணுக்கை உருப்பெருக்கியில் பார்த்தால், தோலடிக் கொழுப்படுக்கு இரு மடங்காகி, மேலே தோலின் எல்லைக்குள்ளும் ஏறிவந்திருப்பது தெரிகிறது. 2000இல் ஃபேர் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்து, இணைப்பிழைகளின் ஒழுங்கு குலைந்திருப்பதைக் காட்டினார்கள். 2005இல் ஸ்பெயினின் மார்ட்டின் குழுவினர், நிணநீர்க் குழாய்கள் விரிந்திருப்பதைச் சுட்டினார்கள். அவர்கள் கணக்கில் நீர் தேக்கத்துக்கும் பங்குண்டு. 2003இல் ஜெர்மனியின் ஷாய்ஃப்ளர் குழுவினர் இதற்கு நேர்மாறாக, கொழுப்புத் திசு மிகுந்து வளர்வதே மூலக் கோளாறு என்று வாதிட்டார்கள்.

ஏன் மிகுகிறது என்பதற்கு உறுதியான விடை இல்லை. பெண்களுக்கே அதிகம் வருவதால் ஹார்மோன்களை ஐயப்பட்டார்கள். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டினைச் சிலர் கைகாட்டினார்கள். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொழுப்பு ஆகியவை சில நோயாளிகளிடம் இருந்தன, பலரிடம் இல்லை. உடல் பருமனோடு நேர்த் தொடர்பு எதுவும் தென்படவில்லை. ‘குண்டாக இருப்பதால் தலையிலும் கொழுப்பு ஏறிவிட்டது’ என்று யாராவது சொன்னால், அது வாய்க்கு வந்த பேச்சு, மருத்துவம் அல்ல.

கொழுப்பு முடியைத் தின்கிறதா?

இனி மையக் கேள்வி. எளிதாகத் தோன்றும் விளக்கம் இது: மெத்தை தடிக்கிறது, வேர்க்குமிழ் நசுங்குகிறது, முடி கொட்டுகிறது. இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, கொரியப் பெண். தடிப்பு இருந்தும் அவருக்கு முடி கொட்டவில்லை. அவரைப்போல் பலர் பின்னாலும் வந்தார்கள். தடிப்பு மட்டுமே காரணமென்றால் எல்லாருக்கும் கொட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கொழுப்பு முடிக்குப் பகை என்ற எண்ணமே தவறு. கார்ன் குழுவினர் 1954இல் தலைத்தோலை அளந்ததே, அந்நாளில் பேசப்பட்ட இதற்கு நேரெதிரான ஒரு கோட்பாட்டைச் சோதிக்கத்தான்: தலைத்தோலில் கொழுப்பு *குறைவதால்* வழுக்கை விழுகிறது என்பார்கள் அப்போது. 2011இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வலேரி ஹார்ஸ்லியின் குழுவினர் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். தோலில் உள்ள இளம் கொழுப்புச் செல்கள் அனுப்பும் சமிக்ஞை கிடைத்தால்தான் முடிவேரின் குருத்தணுக்கள் விழித்து அடுத்த முடியை வளர்க்கின்றன. அந்தச் செல்கள் இல்லாத எலிகளில் முடி உறங்கியே கிடந்தது. ஆக, வேரைச் சுற்றியுள்ள கொழுப்பு வெறும் பஞ்சடைப்பு அன்று. முடியை எழுப்பிவிடும் துணை.

அப்படியென்றால் முடி எப்படிப் போகிறது? காஸ்கியின் ‘இரண்டு சென்டிமீட்டர்’ இங்கே ஒரு தடயம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இயல்பான முடி இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வரை வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் கூந்தல் இடுப்பைத் தொடுகிறது. இரண்டு சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறதென்றால் ஏறக்குறைய இரண்டே மாதத்தில் வளர்ச்சிக் காலம் முடிந்துவிடுகிறது என்று பொருள், இடையில் ஒடிந்துபோகவில்லை என்றால். வேர் உடனே சாகவில்லை. அதன் கடிகாரம் கெட்டுவிட்டது. நாள்பட்டவர்களில் வேர்களின் எண்ணிக்கை குறைந்து, அவை இருந்த இடத்தில் நார்த்தடம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் முடி திரும்புவது கடினம்.

இவற்றை வரிசையாக வைத்தால் எனக்குப் படுவது இதுதான். தடிப்பு ஒரு நிகழ்வு. முடியிழப்பு அதன் மேல் சிலருக்கு மட்டும் வந்து ஏறும் இரண்டாம் நிகழ்வு. நாள்பட்ட அழுத்தமோ, நிணநீர்த் தேக்கமோ, வேரைச் சுற்றிய மெல்லிய அழற்சியோ இரண்டுக்கும் இடையே பாலமாகலாம். இரண்டு பெயர்கள் தேவையில்லை. இவை ஒரே நோயின் முன்பின் படிகள் என்று சொல்வோரின் பக்கமே சான்று சாய்கிறது. படிகள் என்றால் முதல் படியிலேயே கண்டுகொள்வதில் பயன் உண்டு.

அடுத்த வீட்டுக்காரர்கள்

இந்த நோயோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை சில. முதலாவது, பெயரிலேயே வழுக்கையும் கொழுப்பும் உள்ள நீவஸ் சைலோலிப்பாரஸ். கிரேக்கத்தில் சைலோஸ் என்றால் முடியற்றது, லிப்பரோஸ் என்றால் கொழுப்புள்ளது. பிறக்கும்போதே குழந்தையின் தலையில் முடியே இல்லாத, வழவழப்பான, மெத்தென்ற ஒரு திட்டாக இது இருக்கும். திட்டு தனியாக இருந்தால் அழகுப் பிரச்சினை மட்டும். ஆனால் 1970இல் ஹேபர்லாண்டும் பெரூவும் விவரித்த ஒரு கூட்டுநோயில் இதோடு கண்ணிலும் மூளையிலும் மாற்றங்கள் சேர்ந்திருக்கும், வலிப்பு வரலாம். 2016இல், அந்நோயாளிகள் பலரின் திசுக்களில் எஃப்ஜிஎஃப்ஆர்-1 என்ற மரபணுவில், கருவில் பிற்பாடு நேர்ந்த பிறழ்வைக் கண்டறிந்தார்கள். பெற்றோரிடமிருந்து வருவதல்ல, கரு வளரும்போது ஒரு செல்லில் நேர்ந்த பிழை. ‘கிரகணத்தில் வெளியே வந்தாள்’ என்று தாயைக் குறைசொல்லும் வீடுகளில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கியூட்டிஸ் வெர்டிசிஸ் ஜைரேட்டா. 1907இல் உன்னா வைத்த பெயர். தலைத்தோல் மூளையின் மடிப்புகளைப்போல, உழுத சால்போல, வரிவரியாக மேடுபள்ளமாகிவிடும். ஆண்களுக்கே மிகுதி. இதில் விரல் புதையாது; மடிப்பை அமுக்கியும் இழுத்தும் சமன்செய்ய முடியாது. வளர்ச்சி ஹார்மோன் மிகும் அக்ரோமெகலி போன்ற நோயின் அடையாளமாகவும் இது வரலாம் என்பதால், கைகால் பருத்து, செருப்பு அளவு கூடிக்கொண்டே போகிறதா என்று கேட்பது மருத்துவர் வழக்கம்.

மூன்றாவது அரிதே அல்ல; நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காண்பது. பூஞ்சைத் தொற்று முற்றிக் கேரியான் ஆனால் தலையில் கொழகொழவென்ற வீக்கம், சீழ், முடியிழப்பு எல்லாம் சேர்ந்து நிற்கும். கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவது தவறு. வாய்வழிப் பூஞ்சைமருந்துதான் வைத்தியம். தாமதித்தால் தழும்பாகி முடி நிரந்தரமாகப் போய்விடும். சிவப்பும் சீழும் இருந்தால் அது கொழுப்புத் தடிப்பு அல்ல என்ற ஒரு விதியே இரண்டையும் பிரித்துக்காட்டப் போதும். லூப்பஸ், டெர்மடோமையோசைட்டிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களும், அடிபட்டதில் தோலடியில் கட்டிய ரத்தமும் பட்டியலில் உண்டு.

தண்டலத்துக் கணக்கு

மீண்டும் டீக்கடைக்கு வருவோம். அங்கே புலம்பியவர்களில் இந்த அரிய நோய் யாருக்காவது இருக்குமா? இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர்கள் முடி கொட்டுவதற்கு வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன.

உப்புத் தண்ணீர்தான் காரணமா? கோவையில் தோல் மருத்துவர் சி. ஆர். சீனிவாஸ் உள்ளிட்ட குழுவினர் 15 பெண்களின் முடியை எடுத்துக் கடின நீரிலும் வாலை வடித்த நீரிலும் தனித்தனியே ஊறவைத்துச் சோதித்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் முடியின் வலுவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு பாகிஸ்தானில் ஆண்களின் முடியை வைத்துச் செய்த ஆய்வு, வலு குறைவதாகச் சொன்னது. எதை ஏற்றாலும் உப்புநீர் தொடுவது வெளியே தெரியும் முடித்தண்டை. முடி ஒடியலாம், சொரசொரக்கலாம். தோலுக்கடியில் உள்ள வேரை அது அசைப்பதாகச் சான்றில்லை.

உண்மையான குற்றவாளிகள் வேறு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். காய்ச்சலை மறந்துவிட்ட பிறகு கொட்டுவதால் பழி தண்ணீர் மேல் விழுகிறது. ஊர் மாறி வந்த பெண்ணுக்கு நேரம் கெட்ட சாப்பாடு, இரவு ஷிப்ட், உறக்கக் குறைவு. தொப்பிக்குள் அடங்க வேண்டுமென்று வாரம் ஆறு நாள் இழுத்துக் கட்டும் கொண்டையால் நெற்றியோரம் முடி பின்வாங்கும். ஹெல்மெட் வழுக்கையைக் கொண்டுவராது. உள்ளே வியர்வையும் பொடுகும் மிஞ்சும், அவ்வளவே. அதற்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றுவது முடிக்காக மண்டையைப் பணயம் வைப்பது.

இத்தனை காரணங்களுக்கும் சந்தையில் ஒரே பதிலாக எண்ணெய்ப் புட்டிகள் விற்கின்றன. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. தடுப்பேன், குணமாக்குவேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது. எண்ணெய் விற்பவர்கள் அழகுசாதனம் என்ற கதவு வழியாக நுழைந்துவிடுகிறார்கள்.

கண்டுபிடித்த பிறகு

பஞ்சுபோல அமுங்குகிறது என்று ஐயம் வந்தால் முதல் படி அல்ட்ராசவுண்ட். தலைத்தோலின் கனம் மில்லிமீட்டர் கணக்கில் வந்துவிடும். அடுத்தது எம்ஆர்ஐ. முடிவாகச் சொல்ல ஒரு சிறு திசுத்துணுக்கு வேண்டும்; அது கொழுப்பு முழுதையும் தொடுமளவு ஆழமாக எடுக்கப்பட வேண்டும். மேலாக எடுத்தால் சோதனையில் எல்லாம் இயல்பு என்றே வரும், நோயாளி வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

சிகிச்சைக்கு உறுதிமொழி கிடையாது. ஊசிவழி ஸ்டீராய்டு சிலருக்கு வலியைக் குறைத்திருக்கிறது. மைக்கோபினோலேட் கொடுத்ததில் தடிப்பு தணிந்ததாக ஓர் அறிக்கை உண்டு. ஆஸ்திரேலியாவில் 2008இல் அறுவையால் தடிப்பைக் குறைத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். எல்லாமே ஓரிருவர் அனுபவம். பெரிய ஒப்பீட்டு ஆய்வுக்கு இவ்வளவு அரிய நோயில் ஆள் சேராது. உயிருக்கு ஆபத்தில்லை என்பதும், மற்றவருக்குத் தொற்றாது என்பதும் உறுதி. வலி இல்லாதவருக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே கூடப் போதும்.

தண்டலத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஊரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் ஈஎஸ்ஐக்கு உரியவர். டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கித் தோல் மருத்துவரிடம் போகலாம். குறைவது வேறொன்று: தலையைத் தொடும் கை.

நம் வீடுகளில் அந்தக் கை இருந்தது. பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்று நாள் வைத்து, அம்மாவோ பாட்டியோ முழங்காலிடுக்கில் உட்காரவைத்து, உச்சியில் எண்ணெய் வைத்துப் பரபரவென்று தேய்ப்பார்கள். பேனிலிருந்து புழுவெட்டு வரை எல்லாம் முதலில் அந்த விரல்களுக்குத்தான் தட்டுப்பட்டது. ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் ஒருத்தி தன் தலைக்குத் தானே எண்ணெய் தடவிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுகிறாள். கொட்டிய முடியைச் சீப்பிலிருந்து எடுத்து எண்ணுகிறாள்; நாளுக்கு ஐம்பது, நூறு விழுவது இயல்பு என்பது தெரியாமல் பயப்படுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழியை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது ஒருமுறை உச்சியையும் பிடரியையும் அமுக்கிப் பாருங்கள். எலும்பு உடனே தட்டுப்பட்டால், பேச வேண்டியது கொழுப்பைப் பற்றி அல்ல, இரும்புச்சத்தைப் பற்றி. அவள் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றி. விரல் புதைந்தால் சீட்டு எடுத்துக்கொண்டு கூடப் போய் வாருங்கள்.